நிலைவாசலில் ஆவாரை

மார்கழி கடைசி நாள். கோவை பூமார்க்கெட் பக்கம், பொங்கலுக்குக் காவலாக வாசல் நிலையில் செருகும் காப்புக்கட்டுப் பூ குவிந்து கிடந்தது. வேப்பிலை, பூளைப்பூ, நடுவே மஞ்சளாக ஆவாரம்பூ. வேலியோரம் சும்மா ஒடித்து வந்த பூவுக்கு இருபது ரூபாயா என்று பேரம் பேசினேன். “காடு காடா அலைஞ்சு ஒடிச்சுட்டு வாரமுங்க” என்றார் அந்த அம்மா. மறுபேச்சு இல்லாமல் கொடுத்தேன்.

நிலையில் செருகும் முன் ஓர் ஆவாரங்கொம்பைப் பிரித்துப் பார்த்தேன். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் காதுமடல் போலப் பச்சையாக ஒன்று. தாவரவியல் பெயரில் வரும் ‘ஆரிகுலேட்டா’ இந்தக் காதுதான். ஆவாரை, அவரைக்கும் துவரைக்கும் சொந்தம். பூவில் அந்தச் சாடையே இல்லை. தட்டைக் காயைப் பார்த்தால்தான் உறவு பிடிபடும். பூவில் தேனும் கிடையாது. மகரந்தப் பையின் நுனியில் சிறு துளை மட்டும். கருவண்டு பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை ‘ர்ர்ர்’ என்று அதிரவிட்டால்தான் தூள் கொட்டும்.

பட்டைக்கும் ஒரு காலம் இருந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் பக்கம் ஆவாரம்பட்டையில்தான் தோல் ஊறியது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. நீலகிரியிலும் அந்த மரத்தை நட்டார்கள். அதுவும் இதே குடும்பம். பங்காளியே பிழைப்பைப் பறித்தான். அப்புறம் தோல் பதனிடக் குரோமியம் வந்து இரண்டு பேரையும் ஓரங்கட்டியது.

தெலங்கானாவில் ஆவாரை ‘தங்கேடு’, மாநில மலர். பதுகம்மா பண்டிகையின் பூ அடுக்கில் இதற்குத் தனி இடம். நம் ஊரில் அதற்கு வாய்த்த ஆள் வேறு: மடலேறுகிறவன். நினைத்தவள் கிடைக்காமல் பனைமடல் குதிரையில் ஊர் சிரிக்கத் தெருவில் வருவானே, அவன். கலித்தொகையில் அப்படி ஒருவன் பூளையும் ஆவிரையும் எருக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வருகிறான். எருக்கை எடுத்துவிட்டு வேப்பிலையை வைத்தால் என் கையிலிருந்த கட்டுதான்! வெட்கம் விட்டவனின் மாலை வீட்டுக்குக் காவலாக எப்படி வந்தது? பூளை, ஆவாரை இரண்டுமே யாரும் நட்டு வளர்க்காத பூ. அதுதான் காரணமோ என்னவோ.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் ஆகிறது. வாசலில் இதழ் உதிர்ந்து செருப்புக்குள் கிடக்கிறது. சிற்றிலைகளும் கொட்டிவிட்டன. காது மட்டும் கொம்பை விடவில்லை.