தேர் வீதியும் ஒளித்துகளும்

மாணவ நண்பர்களே, மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, தேரோடும் மாசி வீதி, எதில் வேண்டுமானாலும் சுற்றலாம். வழியில் ஒரு சந்தில் நுழைந்து தேநீர் அருந்திவிட்டு வந்தாலும், புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினால் கணக்கு ஒரு சுற்றுதான். வண்டியூர்த் தெப்பக்குளத்தை எத்தனை முறை வலம் வந்தாலும், கோயிலைப் பொறுத்தவரை சுற்று பூஜ்யமே. சிறு கோணல்களால் மாறாத இத்தகைய முழு எண்கள், இடத்தியல் என்னும் கணிதப் பிரிவைச் சேர்ந்தவை. (நம் முன்னோர் இதை அறிந்தே வீதி அமைத்தனர் என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம்!)

வலுவான காந்தப் புலத்தில், மிகக் குளிர்ந்த குறைகடத்தியின் மெல்லிய அடுக்கில் ஓடும் எலெக்ட்ரான்கள் இப்படியொரு முழு எண்ணுக்குக் கட்டுப்படுவதை 1980-ல் கிளிட்சிங் கண்டார். போட்டான் என்னும் ஒளித்துகளை அவ்வாறு கட்டுப்படுத்த முடியுமா? அதற்கு மின்னூட்டம் இல்லை. காந்தம் அதைத் திருப்பாது. போட்டான்கள் ஒன்றையொன்று சட்டை செய்வதும் இல்லை. இரண்டு டார்ச் விளக்குகளின் ஒளியைக் குறுக்கே விட்டுப் பாருங்கள், மோதலே இராது.

2020-ல் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் நான்கு ஆடிகளை முறுக்காக அமைத்து, ஒளியைக் காந்தப் புலத்தில் சுழல்வதுபோல் சுழலச் செய்தனர். நடுவே ருபீடியம் அணுக்களை வைத்து, அவற்றின் வாயிலாகப் போட்டான்களை ஒன்றையொன்று விலக்கவும் செய்தனர். எலெக்ட்ரான்களுக்கு 1983-ல் லாஃப்லின் கூறிய நிலையை இரண்டே போட்டான்கள் அடைந்தன!

இது மேல்நாட்டுச் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். 1956-ல், சர் சி. வி. இராமனின் சகோதரி மகனான பஞ்சரத்தினம், பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில் ஓர் உண்மையைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 22. ஒளியின் தளவிளைவைப் படிப்படியாக மாற்றிப் பழைய நிலைக்கே கொண்டுவந்தாலும், ஒளி அலையின் கட்டம் சற்று நகர்ந்திருக்கும். தளவிளைவு நிலைகளை ஒரு கோளத்தின் மீதுள்ள புள்ளிகளாகக் குறித்தால், சுற்றிவந்த வழி அடைத்துக்கொண்ட பரப்பே அந்த நகர்வைத் தீர்மானிக்கிறது. இவ்வகை நகர்வுகளை ஒரு மூடிய பரப்பு முழுவதும் கூட்டினால் கிடைப்பது முழு எண். கிளிட்சிங் கண்ட எண்ணும் இத்தகையதே.

1984-ல் இங்கிலாந்தின் பெர்ரி இக்கருத்தைப் பொதுவாக நிறுவிய பிறகே பஞ்சரத்தினம் நினைவுக்கு வந்தார். அவரோ 1969-லேயே, 35 வயதில் மறைந்துவிட்டார். மேல்நாட்டார் அவரைப் படிக்கவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. கட்டுரை வெளிவந்தது நம் இந்திய அறிவியல் கழகத்தின் இதழில்! நாம் படித்தோமா என்பதே என் கேள்வி. தளவிளைவுப் பாடம் நடத்தும் ஒவ்வொரு வகுப்பிலும் அவர் பெயர் சொல்லப்பட வேண்டும். அக்கட்டுரை இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கணிதம் கடினம்தான், ஆசிரியரோடு அமர்ந்து முதல் இரண்டு பக்கங்களையேனும் படித்துப் பாருங்கள்.