முதல் கையெழுத்து

“தினமும் எட்டு டம்ளர் தண்ணீராவது குடிக்க வேண்டும், பெண்களே!” என்று சொல்லி நான் வாய் மூடவில்லை. மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

“குடிக்கலாம் அன்ரி. குடிச்சிட்டு எங்க போறது?”

எனக்குச் சுருக்கென்றது.

எங்கள் மாவட்டத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் நடந்தது இது. அங்கே இளம் பெண்களுக்கு மூன்று நாள் தலைமைப் பயிற்சி. நடுவில் அரை மணி நேரம் உடல்நலம் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்தவர்களுக்காக ஏற்பட்ட முகாம்கள் தமிழ்நாட்டில் நூறுக்கும் மேல். 2021-ல் அரசாங்கம் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. புது வீடுகளும் கட்டித் தருகிறார்கள். ஆனால் நான் போன இடத்தில் இன்னும் பழைய 10-க்கு 10 அடி அறைகள்தான். பொதுக் கழிப்பிடம் கோடியில். விளக்கில்லை, பாதிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் அந்தப் பெண்கள் தண்ணீரே தொடுவதில்லையாம்!

சகோதரிகளே, இது நம் வீட்டுப் பெண்களும் பஸ் பயணத்திலும் பள்ளிக்கூடத்திலும் செய்கிற காரியம்தான். தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் பழகினால் சிறுநீர்த் தாரையில் கிருமித் தொற்று வரலாம். எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் போன்ற உணர்வு, அடிவயிற்றில் வலி இருந்தால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். குளிர்காய்ச்சலோடு முதுகில் விலாவுக்குக் கீழே வலித்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணிகளுக்கு இதனால் குறைப்பிரசவம்கூட ஆகலாம்.

பயிற்சி என்றதும் மேடைப் பேச்சு, கைதட்டல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நடத்தியவர்களே முகாமில் வளர்ந்த பெண்கள். (அகதிகளுக்காக அகதிகளே வேலை செய்வது அங்கே புதிதல்ல. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இப்படித்தான் வளர்ந்தது.) முதல் நாள் ஒவ்வொருத்தியும் தன் பெயரையும், அந்த வாரம் தானாக முடிவு செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். பெயரோடு நிறுத்திக்கொண்டவர்களே அதிகமாம். கடைசி நாள், முகாமில் உள்ள ஒரு குறையை எடுத்து, வீடு வீடாய்க் கேட்டு எழுதி, யார் பொறுப்போ அவர்களுக்கு மனுக் கொடுக்க வேண்டும்.

என்னிடம் கேள்வி கேட்டவள் எடுத்தது கழிப்பிடத்தை.

மனு தயாராகிவிட்டது. யார் முதலில் கையெழுத்துப் போடுவது? ஒருவரும் முன்வரவில்லை. அவள் பேனாவை எடுத்தபோது, வாசலில் நின்ற அம்மா உள்ளே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“உது எங்களுக்கு வேண்டாம் பிள்ளை. பேரைக் குடுத்தா நாளைக்குத் தேடி வருவாங்கள். நாங்கள் இருக்க வந்தனாங்கள், சண்டை பிடிக்க வரேல்லை.”

அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1990-ல் மன்னாரிலிருந்து கைக்குழந்தையாகப் படகில் வந்தவள். தணிக்கை நாளில் ஆள் இல்லாவிட்டால் பணக்கொடை நின்றுபோகுமே என்ற பயத்தில், உறவுக்காரர் கல்யாணத்திலிருந்து பாதியில் ஓடி வந்தவள். தலை தெரியாமல் இருப்பதுதான் பத்திரம் என்று வாழ்ந்தவளுக்கு, மகள் பெயர் காகிதத்தில் முதலில் இருப்பது பயமாகத்தானே இருக்கும்? வயதுப் பெண் ஏதாவது கேட்கப் போனால் “உனக்கெதுக்கு?” என்று நானே என் மகளை எத்தனை முறை அடக்கியிருக்கிறேன்! எனக்கு எந்தத் தணிக்கையும் கிடையாது.

அவள் அம்மாவிடம் சத்தம் போடவில்லை. “இருட்டில நீங்க டார்ச் பிடிச்சுக்கொண்டு என்னோட வாறீங்களே அம்மா, அதைத்தான் எழுதியிருக்கிறன்” என்று முழு மனுவையும் நிதானமாகப் படித்துக் காட்டினாள். அம்மா கையை எடுத்தாள். சரி என்று சொல்லவில்லை, எழுந்து போய்விட்டாள். மகள் கையெழுத்துப் போட்டாள். பின்னாலேயே 22 பேர் போட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் போனேன். விளக்கு வந்திருந்தது. அதற்கு நடுவில், சம்பந்தப்பட்ட ஆபீசுக்கு மூன்று நடை நடந்திருக்கிறார்கள், ஒரு தடவை “யார் தூண்டிவிட்டது?” என்ற கேள்வியும் வந்ததாம். தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை. திண்ணையில் உட்கார்ந்து இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருந்தாள்.

அம்மா எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மகள் உள்ளே போன நேரம் பார்த்து, காகிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

“அக்கா, விலாசம் சரியோ எண்டு ஒருக்கா பாருங்கோ. போன முறை பின்கோடு பிழை.”