பெட்டி கேஸ் முடிவது எப்போது?

1816-இல் சென்னை மாகாணத்தில் வந்த 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், சின்னக் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரத்தைக் கிராமத் தலைவர்களுக்கு, அதாவது பின்னாளில் நாம் அறிந்த கிராம முன்சீப்புகளுக்குக் கொடுத்தது. வாய்ச்சண்டை, லேசான அடிதடி என்றால் ஊர்ச் சாவடியில் 12 மணி நேரம்வரை அடைத்து வைக்கலாம். மாட்டியவர் ‘கீழ்ச்சாதி’க்காரர் என்றால், 6 மணி நேரம்வரை தொழுமரத்தில் கால்களைப் பூட்டி வைக்கலாம். இழிவான தண்டனை என்று தெரிந்தேதான் எழுதினார்கள். அந்த இழிவு யார் தலையில் விழலாம் என்பதையும் சட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சாதிக்கொரு தண்டனை இல்லை. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுத்தவருக்கு 24 மணி நேர வெறுங்காவல், அல்லது 10 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பத்து ரூபாய் 2024 வரை பத்து ரூபாயாகவே இருந்தது! மாறியது பின்விளைவுதான். அரசு வேலையும் பாஸ்போர்ட்டும் காவல்துறைச் சரிபார்ப்பும் வந்தபின், தண்டனை முடிந்த மறுநாளிலிருந்து வேறொரு தண்டனை தொடங்குகிறது.

“ஒத்துக்கோ தம்பி, ஃபைன் கட்டிட்டுப் போயிடலாம்” என்பது நம் நீதிமன்ற வராந்தாக்களில் கிடைக்கும் இலவச ஆலோசனை. அதில் நியாயமும் உண்டு. வழக்கு நிலுவையில் இருந்தால் 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி பாஸ்போர்ட்டை மறுக்கலாம்; வாய்தாவுக்கு வாய்தா கூலியும் போகும். ஆனால் ஒத்துக்கொண்டால் அது குற்றத்தீர்ப்பு. சரி, வழக்கை நடத்தி விடுதலையானால்? தமிழ்நாட்டுக் காவலர் தேர்வு விதிகளின்படி, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் ‘சம்பந்தப்பட்டவர்’தான். 2008-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு இதை ஏற்றது. எனக்கு இது ஏற்புடையதல்ல. நீதிமன்றம் விட்ட ஆளைத் தேர்வு வாரியம் பிடித்து வைப்பது என்ன முறை?

உச்ச நீதிமன்றம் இளகியே பேசியிருக்கிறது. டெல்லி காவலர் பணிக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர் பழைய அடிதடி வழக்கை மறைத்திருந்தார். 2011-இல் நீதிபதிகள் ரொட்டி திருடிய நாவல் நாயகன் ழான் வல்ழானை நினைவுகூர்ந்து அந்த இளைஞர் பக்கம் நின்றார்கள். சிறுவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தாலும் வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம் என்று 2016-இல் மூவர் அமர்வு சொன்னது. ஆனாலும் அது ‘மன்னிக்கலாம்’ என்ற அளவோடு நிற்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, குடித்துவிட்டுத் தொல்லை கொடுப்பதற்கும் 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டுக்கும் (பொருளைத் திருப்பித் தந்தால்) சமூக சேவையைத் தண்டனையாக்கியது. பத்து ரூபாய் ஆயிரமானது. நல்லதுதான், குற்றத்தீர்ப்பு மட்டும் ஏட்டிலேயே இருக்கிறது.

நமக்குத் தண்டனைச் சட்டம் எழுதித் தந்த பிரிட்டன், தன் மக்களுக்கு 1974-இலேயே வேறொரு சட்டம் செய்துகொண்டது. இன்று அங்கே அபராதம் மட்டும் விதிக்கப்பட்ட தீர்ப்பு ஓராண்டில் காலாவதியாகிறது. பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. இங்கேயும் சிறாரின் பதிவை அழிக்க 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டம் வழிசெய்கிறது. பெரியவர்களின் சின்னக் குற்றத்துக்கும் நாடாளுமன்றம் இப்படியொரு கெடு வைக்க வேண்டும்.

அதுவரை நடுவர்கள் ஒன்று செய்யலாம். 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி கண்டித்து விடுவிக்கப்பட்டவரை, அந்தத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு தொடாது. “குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?” என்று கேட்கும் முன்பே இதை எதிரே நிற்பவருக்குச் சொல்லிவிடலாம்.