பதிவேட்டில் இல்லாத பிராணன்

வைத்தியர்களின் கவனக்குறைவால் கையையோ காலையோ கண்ணையோ பிராணனையோ பறிகொடுத்தவர்கள் நஷ்டஈடு கேட்டு நியாயஸ்தலத்தின் படியேறுவதே ஒருவகைப் பணம் பறிக்கும் தந்திரம் என்றும், ஆஸ்பத்திரிக்குள் நோயாளியாக நுழைகிறவர் லட்சாதிபதியாக வெளியே வருகிறார் என்றும், கல்விமான்களான கனவான்கள் சிலர் நமது திருப்பூர் மேடைகளில் சமீபகாலமாகப் பிரசங்கம் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பிரசங்கத்தைச் செவிமடுக்கும் பாக்கியம் இந்த வாரம் நமக்கும் கிட்டியது. பிரசங்கத்தையாவது பொறுத்துக்கொண்டிருப்போம், முன்வரிசையில் அமர்ந்திருந்த பனியன் கம்பெனி முதலாளிகள் எழுப்பிய கரகோஷத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த லட்சாதிபதிகள் யாரென்று சற்றே விசாரிப்போம். 1998-இல் கொல்கத்தாவில் தோல் ஒவ்வாமைக்கு அளவை மீறி ஸ்டீராய்டு ஊசி போடப்பட்டு மாண்டுபோன ஒரு பெண்மணிக்காக உச்ச நீதிமன்றம் 2013-இல் 5.96 கோடி ரூபாயும் அதற்கு வட்டியும் விதித்தது. ஆனால், அப்பெண்மணியின் கணவரே ஒரு வைத்தியர் என்பதையும், தம்பதிகள் அமெரிக்காவில் வசித்தவர்கள் என்பதையும், அந்நாட்டு வருமானக் கணக்கும் சேர்ந்தே தொகையை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோயிற்று என்பதையும், அதற்காக அவர் பதினைந்து வருஷம் விடாமல் போராடினார் என்பதையும் பிரசங்கிகள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிலையத்தில் 1990-இல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் கால்கள் செயலிழந்த பொறியியல் மாணவர் ஒருவர், தமது வழக்கைத் தாமே வாதாடி, 1 கோடி ரூபாய்த் தீர்ப்பைப் பெற்ற வருஷம் 2009. நமது சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1996-இல் குறைமாதத்தில், 1250 கிராம் எடையோடு பிறந்த பெண் சிசுவின் விழித்திரையை உரிய காலத்தில் சோதிக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றாமற்போகவே, அக்குழந்தை பார்வையை அடியோடு இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் அதற்கு நிர்ணயித்த விலை 5 லட்சம். உச்ச நீதிமன்றம் அதை 1.8 கோடியாக உயர்த்திய 2015-இல் அந்தக் குழந்தைக்கு வயது பதினெட்டு. இந்தச் செல்வத்தைப் பார்த்துத்தான் நமது கனவான்களுக்கு நெஞ்சு எரிகிறது!

இவர்கள் வென்றது சட்டம் இளகிய மனம் படைத்தது என்பதால் அன்று. அலைய அவகாசம் இருந்தது, எழுத்தறிவு இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கையில் காகிதம் இருந்தது. காகிதம் இல்லாதவன் கதி என்ன என்பதே நமது ஊருக்கு உரிய கேள்வி.

1995-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை வாசகர்கள் அறிவார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாக வைத்தியம் செய்யும் இடம் அதற்கு உட்படாது. சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடமாயின் இலவச நோயாளிக்கும் உரிமை உண்டு. இதைக் காட்டிலும் திருப்பூர்க்காரர்கள் மனப்பாடம் செய்யவேண்டியது 2007-இல் வந்த இன்னொரு தீர்ப்பு. இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் வைத்தியம் தர்மம் அல்ல, தொழிலாளியின் சந்தாவிலிருந்து கொடுக்கப்படுவது; ஆகவே அங்கே குறை நேர்ந்தால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று ஹரியானா மாநிலத்துத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் அத்தீர்ப்பு சொல்லிற்று. சட்டை தைக்கிறவனும் சாயம் போடுகிறவனும் தன் ஆஸ்பத்திரியைக் கேள்வி கேட்கலாம் என்பதல்லவா இதன் தாத்பர்யம்!

கேட்கலாம்தான், சந்தா கட்டியிருந்தால். மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கும் ஒரு செக்கிங் பெண்ணுக்குத் தொழிலாளி பங்காக 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாய். முதலாளி பங்காக 3.25 சதவீதம், அதாவது 390 ரூபாய். இந்த 390 ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக நமது ஊரில் நடக்கும் ஜாலவித்தைகளை என்னவென்று சொல்வது! பத்துப் பேர் ஆகிவிட்டால் சட்டம் பிடித்துக்கொள்ளும் என்று ஒரே கூரையின் கீழ் மூன்று பெயர்ப்பலகை தொங்கும். பவர் டேபிளில் உட்கார்ந்திருப்பவர் பீஸ் ரேட்டுக்காரர், ஆகையால் நம் ஆள் இல்லை. அயர்ன் மாஸ்டர் கான்ட்ராக்டரின் ஆள், ஆகையால் நம் ஆள் இல்லை. கைமடிக்கு நிற்கும் பையன் ஒடிசாவிலிருந்து நேற்றுத்தான் வந்தான், இன்னும் எவருடைய ஆளும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் இவர்கள் அனைவருக்கும் சம்பளம் துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் எண்ணிக் கொடுக்கப்படுகிறது. திங்கட்கிழமை அந்தச் சீட்டு குப்பைக்குப் போய்விடுகிறது.

இப்படிப்பட்ட ஒரு தொழிலாளிக்கு வைத்தியத்தில் விபரீதம் நேர்கிறது என்று வையுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இல்லாமையால், 2019-இல் பிரதமர் வந்து அடிக்கல் நாட்டிய 100 படுக்கை மருத்துவமனை நமது ஊரில் இருந்தும் அவருக்கு இல்லை. முழுக்க இலவசமான அரசு வைத்தியத்துக்குப் போனாலோ நுகர்வோர் மன்றத்தின் கதவு சாத்தியிருக்கும். கடன் வாங்கித் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கே கெட்டால் மன்றம் திறந்திருக்கும், ஆனால் அங்கே முதலில் கேட்கும் கேள்வி, மாதம் என்ன சம்பாதித்தீர்கள், அத்தாட்சி எங்கே என்பது. அத்தாட்சி இல்லாதவருக்கு நியாயாதிபதி ஒரு உத்தேச வருமானத்தைத் தாமாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார். இரவு பகலாக ஓவர்டைம் பார்த்து ஓவர்லாக் மிஷினில் உடம்பைத் தேய்த்தவரின் உழைப்பு அந்த உத்தேசத்தில் பாதியாகிவிடும். உயிரோடிருந்தபோது 390 ரூபாயை மறுத்த அதே வெற்றுப் பதிவேடு, செத்த பின்பும் பெண்டாட்டி பிள்ளைகளின் பங்கில் கைவைக்கிறது.

இந்தப் பதிவேட்டு விஷயத்தில் நமது முதலாளிகளுக்குத் திறமை போதாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஜெர்மனியில் ஒரு கடையில் ஒரு டி-சர்ட்டின் கழுத்துத் தையல் பிரிந்திருந்தால், எந்த லாட், எந்த ரோல் துணி, எந்த சாயப்பட்டறை, எந்த லைனில் தைத்தது என்று அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். பையர் டெபிட் நோட் அனுப்பினால் எதிர்த்துப் பேசாமல் பணத்தைக் கழித்துக்கொள்ள விடுவார்கள். சட்டைக்கு இவ்வளவு ஜாதகம் எழுதி வைத்திருக்கும் ஸ்தாபனத்தில், அந்தச் சட்டையைத் தைத்தவருடைய பெயர் மாத்திரம் எங்கும் அகப்படுவதில்லை.

நுகர்வோர் மன்றத்தின் கதவு சாத்தியிருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமே என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். வாஸ்தவம். 2018-இல் சாத்தூர் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்ட கர்ப்பிணிக்கு மதுரைக் கிளை 25 லட்சம் கொடுக்க உத்தரவிட்டதும் அவ்வழியில்தான். ஆனால் அது நாடே திரும்பிப் பார்த்த கொடுமை. 2022-இல் சென்னையில் கால்பந்து வீராங்கனை ஒருத்தி முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலையும் உயிரையும் இழந்தபோது முதலமைச்சர் நேரில் போய் 10 லட்சம் கொடுத்தார். அதுவும் பத்திரிகைகள் கூவியதால் நடந்தது. 2020 செப்டம்பரில் நமது திருப்பூர் அரசு மருத்துவமனையிலேயே மின்சாரம் தடைப்பட்ட வேளையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகள் இறந்தார்கள். பிராணவாயு நின்றதே காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள், அதுவன்று என்று நிர்வாகம் சாதித்தது. தலைப்புச் செய்தி ஆகிறவர்களுக்குக் காசோலை, ஆகாதவர்களுக்கு அனுதாபம் என்பது ஒரு தர்மராஜ்யத்தின் நஷ்டஈட்டு முறையாக இருக்க முடியாது.

வைத்தியர்கள்மீது நமக்கு விரோதம் இல்லை. அபிப்பிராயப் பிழையைக் குற்றமாக்கி வைத்தியரை ஜெயிலுக்கு அனுப்பக்கூடாது என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியதை நாம் வரவேற்கிறோம். 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவரைக் கத்தியால் குத்திய செயலுக்குச் சமாதானம் எதுவும் கிடையாது. எனினும், முறையான வழி அடைத்துக்கிடக்கும் ஊரில் சாலை மறியலும் பிணத்தை வாங்க மறுப்பதும்தான் ஏழையின் வக்காலத்து ஆகிவிடுகின்றன என்பதை வைத்தியர் சங்கங்களும் யோசித்துப் பார்க்கவேண்டும்.

தொழிலாளத் தாய்மார்களுக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. சந்தேகம் தோன்றிய அன்றே ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள்; 72 மணி நேரத்தில் கொடுக்கவேண்டும் என்பது 2002 முதல் வைத்தியர்களுக்கு விதிக்கப்பட்ட ஒழுங்கு. மன்றத்துக்குப் போக இரண்டு வருஷ அவகாசந்தான். ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டதானால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் தீரவேண்டும் என்பதும் இல்லை. இவற்றோடு, சனிக்கிழமைச் சீட்டைத் தயவுசெய்து கிழித்துப் போடாதீர்கள்.

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கான்ட்ராக்டரின் ஆள் என்று கைவிரிப்பதற்கு இ.எஸ்.ஐ. சட்டம் 1948-லேயே இடம் வைக்கவில்லை. இடையில் எத்தனை கான்ட்ராக்டர் நின்றாலும் இரண்டு பங்குச் சந்தாவையும் முதலில் கட்டவேண்டியவர் மூல முதலாளியே. இது அதிகாரிகளுக்கும் தெரியாததன்று. அவர்கள் பரிசோதனைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் கம்பெனி ஆபீஸில் காபி கிடைக்கும் காலை வேளையில், முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் பட்டுவாடா ஆகிற நேரத்தில், பி.என். ரோட்டிலோ காதர்பேட்டைச் சந்துகளிலோ ஏதாவது நான்கு கம்பெனி வாசலில், சொல்லாமல் வந்து நின்று, கையில் பணத்தோடு வெளியே வருகிறவர்களின் தலையை எண்ணி உள்ளே இருக்கும் பதிவேட்டோடு ஒத்துப் பார்க்கட்டும்.