கெம்பஸ் கிடைக்கும் வரை மாலை, அதன் பிறகு?



உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டால் அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை என்று எந்தச் சந்தியிலும் பெனர்தான். பிள்ளையின் படம், பக்கத்தில் ஊர்ப் பிரமுகரின் படம் (அது கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்). கௌரவிக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதே பிள்ளை இரண்டாம் வருடத்தில் பேராதனையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வந்தால்? "சேர்க்கை சரியில்ல", "போன் கெடுத்துட்டு", "கண்ணூறு". மூன்றில் ஒரு தீர்ப்போடு ஊர் அலுவலை முடித்துவிடுகிறது.

அப்படித் தடுமாறும் பிள்ளைகளில் சிலருக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாடு. வகுப்பில் ஓடித் திரியும் சின்னப் பையன்களின் பிரச்சினை என்றே பலர் நினைக்கிறார்கள். வளர்ந்தவர்களிலும் சுமார் 2.5 சதவீதமானோருக்கு இது உண்டு என்கிறது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு. "இப்ப வந்த புதுக் கதை" என்போருக்கு ஒரு தகவல்: லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற சிறுவர் வைத்தியர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரை செய்தது 1902இல்.

ஏன் கெம்பஸில் வைத்து உடைகிறது? வீட்டில் உம்மா எழுப்பினார். பாடசாலையில் மணி அடித்தது. டியூஷன் ஸேர் வாரா வாரம் பேப்பர் கொடுத்துத் திருத்தினார். பிள்ளையின் திட்டமிடலை மற்றவர்களே செய்து கொடுத்தார்கள். விடுதிக்குப் போனதும் அத்தனையும் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. ஒப்படைக்கு ஆறு வாரம் தவணை என்றால், அந்த மூளைக்கு ஆறாவது வாரத்தின் கடைசி இரவுதான் கண்ணுக்குத் தெரியும். காலை விரிவுரைகள் தவறும், வரவு குறையும், பரீட்சைக்கு அமர முடியாமல் போகும். வெட்கத்தில் வீட்டுக்கும் சொல்லாது.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். அவர்களில் பலர் ஓடித் திரிவதில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக இருப்பார்கள். "அடக்கமான புள்ள" என்று பெயர் வாங்குவார்கள். கெம்பஸில் சறுக்கினால் உடனே கலியாணப் பேச்சு.

முதலில் வைத்தியரிடம் போக வேண்டும். கண்டி, பேராதனை அரச வைத்தியசாலைகளில் மனநல கிளினிக் இருக்கிறது, இலவசம். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். டிக்டொக் பார்த்து நாமே பெயர் சூட்டக் கூடாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று வைத்தியர் கேட்பார். ஆகவே பழைய தேர்ச்சி அறிக்கைகளை எறியாதீர்கள். "திறமை உண்டு, கவனம் போதாது" என்று வகுப்பாசிரியர் எழுதிய ஒரு வரி அங்கே உதவும். ஓதிப் பார்ப்பவர்கள் ஓதுங்கள், துஆவும் கேட்போம். அதைக் காரணம் காட்டி கிளினிக்கைத் தள்ளிப் போடாதீர்கள்.

மருந்து கவனத்துக்கு உதவும், ஆனால் நாட்காட்டியை அது நிரப்பித் தராது. அதற்குத்தான் கல்வி வழித்துணை. 1990களிலிருந்து அமெரிக்காவில் இது ஒரு முறையாகவே வளர்ந்திருக்கிறது. இது பாடம் கற்பிப்பதல்ல, உபதேசமும் அல்ல. வாரத்தில் அரை மணி நேரம் ஒருவர் கூட இருப்பார். "இந்த ஒப்படையில் செவ்வாய்க்குள் எது முடியும்?" என்று கேட்பார். "தலைப்பும் இரண்டு புத்தகமும்" என்று பிள்ளையே சொல்ல வேண்டும். செவ்வாய் இரவு செய்ததைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். செய்யவில்லையா? ஏச்சு இல்லை. எந்த இடத்தில் நின்றது என்று பார்த்து, வேலையை இன்னும் சிறிதாக வெட்டுவார்கள். சிலருக்கு நூலகத்தில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து தன் வேலையைச் செய்தாலே போதும்.

"இருபது வயசுப் புள்ளைக்கு இப்படிச் செல்லம் கொடுக்கணுமா?" என்கிறார்கள். பத்து வருடமாக மூன்று பாடத்துக்கு டியூஷன் அனுப்பியது என்ன? அதற்குக் காசு கட்டும்போது யாரும் செல்லம் என்று சொல்லவில்லையே. நுழைவதற்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் சமூகம், உள்ளே நிற்பதற்கு அரை மணி நேரம் கொடுக்க யோசிக்கிறது.

இதற்குக் கட்டடம் வேண்டாம், விழாவும் வேண்டாம். ஊரில் பட்டம் முடித்தவர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பள்ளிவாசல் கல்வி நிதியில் பெனருக்குப் போகும் தொகை போதும், அவர்களுக்குப் பஸ் காசும் ஒரு நாள் பயிற்சியும் கொடுக்கலாம். பெண் பிள்ளைகளுக்குப் பெண் பட்டதாரிகள். பிள்ளையின் பெயர் கமிட்டிக்குக்கூடத் தெரிய வேண்டியதில்லை.

நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து இதை எங்கள் ஜமாஅத்துக்கு எழுத்தில் கொடுக்கப் போகிறோம். வாரத்தில் அரை மணி நேரம் தர முடியுமானவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். உதவி தேவையான மாணவர்களும் எழுதலாம், கொமன்ட்டில் வேண்டாம்.