தகுதி இல்லைன்னு சொன்னா விட்டுடுவாரா?

“நமக்கு எதுக்குங்க அதெல்லாம்? அதுக்கெல்லாம் ஒரு தகுதி வேணும்.” கிராமத்துல எந்தப் பொறுப்புக்கு ஆள் தேடினாலும் முதல்ல வர்ற பதில் இதுதான். கண்மாய் வேலையை முன்ன நின்னு பார்க்கச் சொன்னாலும் இதே பதில். ஞாயித்துக்கிழமை ஜெபம் நடத்தச் சொன்னாலும் இதே பதில். கேட்க அடக்கமாத்தான் இருக்கு. ஆனா எல்லா நேரமும் அது தாழ்மை இல்லைங்கிறது என் கருத்து. பாதி நேரம் அது தப்பிச்சுக்கிற வழி.

எங்க திருக்கோகர்ணம் புதுக்கோட்டை டவுனை ஒட்டின ஊர். பிரகதாம்பாள் கோயிலும் அருங்காட்சியகமும் பார்க்க நீங்க வந்திருக்கலாம். இந்தப் பக்கம் உள்கிராமங்களுக்குப் போனா சின்னச் சின்ன ஜெபவீடுகள் இருக்கும். ஓட்டுக் கூரை, ஒரு மணி, நாலு பாய், அவ்வளவுதான். போதகர் பல ஊரைப் பார்க்கணும், எல்லா வாரமும் வர முடியாது. மத்த வாரங்கள்ல வேதம் வாசிக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஊருக்குள்ளேயே ஒருத்தர் வேணும். வயசானவங்க போயிட்டாங்க, இளவட்டங்க திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போயாச்சு. இருக்கிறவங்களைக் கேட்டா, “நான் பத்தாவதுதாங்க படிச்சேன்”ங்கிறாங்க. கதவு பூட்டிக் கிடக்கு.

வேதாகமத்துல கிதியோன்னு ஒருத்தர். மீதியானியர் பிடுங்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்து, கோதுமையை திராட்சை ஆலையில ஒளிச்சு வச்சுப் போரடிச்சுக்கிட்டிருந்தார். காத்து வர்ற களத்தை விட்டுட்டு மறைவுல போரடிக்கிறது எவ்வளவு பாடுன்னு விவசாயிக்குத் தெரியும். அப்படிப் பயந்து கிடந்த ஆளைத்தான் கடவுள் ஜனங்களை மீட்கக் கூப்பிட்டார். எங்க குடும்பம் எளியது, அதுலயும் நான்தான் சின்னவன்னு அவர் சொன்னார். கடவுள் அதைப் பத்தி வாதாடவே இல்ல. நான் உன்கூட இருப்பேன்னுதான் சொன்னார். எனக்குப் பேச வராதுன்னு சொன்ன மோசேக்கும், நான் சின்னப் பிள்ளைன்னு சொன்ன எரேமியாவுக்கும் கிட்டத்தட்ட அதே பதில்தான். இல்லாத தகுதியை இருக்குன்னு அவர் சொல்லல. இல்லைங்கிறதை ஒரு காரணமா ஏத்துக்கவும் இல்ல.

பழங்கதைன்னு ஒதுக்கிடாதீங்க. நம்ம தமிழ்நாட்டு ஆள் ஒருத்தர் கதையும் இருக்கு. வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874-ல திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில படிச்சும் பட்டம் வாங்கல. ஒய்.எம்.சி.ஏ.வுல செயலாளரா ஊர் ஊராப் போனார். நம்ம காசுல, நம்ம ஆட்களை அனுப்பி ஊழியம் பண்ணணும்னு 1903-ல இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பிச்சவங்கள்ல அவரும் ஒருத்தர். சங்கம் நிஜாம் ராஜ்யத்துல இருந்த தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பிச்சு. மத்தவங்களைப் போகச் சொல்ற நான் ஏன் போகலைங்கிற கேள்வி அவரைப் பிடிச்சுக்கிச்சு. 1909-ல செயலாளர் வேலையை விட்டுட்டு, தெலுங்கு பேசுற அந்தச் சீமைக்குக் கிளம்பிட்டார்.

1912 டிசம்பர் 29-ல கல்கத்தாவுல அவரைப் பேராயரா அபிஷேகம் பண்ணினாங்க. ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்தியப் பேராயர் அவர்தான். அதுக்கு முன்னாடி எதிர்ப்பு கொஞ்சநஞ்சமில்ல. இந்தியனுக்கு அதுக்கான காலம் வரலைன்னு வெள்ளைக்காரர் பலர் சொன்னாங்க, நம்ம ஆட்கள்லயும் சிலர் சொன்னாங்க. அவர் மாட்டுவண்டியிலயும் சைக்கிள்லயும் கிராமம் கிராமமாப் போனார். அங்கே சேர்ந்தவங்கள்ல பெரும்பாலானவங்க எழுத்துத் தெரியாத கூலி ஜனங்க. அவங்க கிட்டயும், ஞானஸ்நானம் வாங்கினா நீயும் போய்ச் சொல்லணும்னுதான் சொன்னார். படிச்சுட்டு வான்னு யாரையும் நிறுத்தி வைக்கல. 1945-ல அவர் இறக்கும்போது அந்தத் திருமண்டலத்துல கிறிஸ்தவங்க 2 லட்சத்துக்கு மேல.

“கடவுள் கூப்பிட்டார்னு சொல்லிக்கிட்டுக் காரும் பங்களாவும் சேர்க்கிறவங்களையும் டி.வி.யில பார்க்கிறோமே?”ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. எலிசாவைப் பாருங்க. பன்னெண்டு ஏர் பூட்டி உழுத இடத்துல கடைசி ஏர் பிடிச்சவர். எலியா கூப்பிட்டதும், தான் ஓட்டின மாட்டை அறுத்து, ஏர் மரத்தையே விறகாக்கிச் சமைச்சு, ஜனங்களுக்குப் போட்டுட்டுப் போனார். ஏரை எரிச்சவன் திரும்பி வர வழி வச்சுக்கல. அழைப்பு நெசமான்னு பார்க்க எனக்குத் தெரிஞ்ச அளவுகோல் இதுதான்: போனவன் கையில சேர்ந்துச்சா, கையை விட்டுப் போச்சா?

எல்லாரும் தோர்ணக்கல்லுக்குப் போக வேண்டியதில்லைங்க. எங்க ஊரு வானம் பார்த்த பூமி. மண்ணு நல்லா ஆகட்டும்னு காத்திருந்தா, இந்தச் செம்மண் சரளையில ஒருத்தரும் கடலை போட்டிருக்க மாட்டாங்க. ஈரம் இருக்கிற அன்னிக்குப் போட்டோம், விளைஞ்சுது.

கிறிஸ்மஸுக்கு உங்க சொந்த ஊருக்குப் போவீங்கல்ல? அங்கேயும் ஒரு ஜெபவீடு பூட்டிக் கிடந்தா, திறந்து ஒரு அதிகாரம் வாசிங்க. நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைங்க. சாவி பக்கத்து வீட்டுலதான் இருக்கும்.