எதில் கால்?

‘ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது. இன்னொரு குழாய் காலி செய்கிறது. தொட்டி எப்போது நிரம்பும்?’ கணக்குப் புத்தகத்தில் இதைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்பார்கள்: “நிஜத்துல யாராவது இப்படிச் செய்வாங்களா?”

தேனி மாவட்டத்தில் செய்கிறார்கள். முல்லைப் பெரியாறு அணைக்கு இத்தனை கனஅடி வரத்து, இத்தனை கனஅடி திறப்பு என்று செய்தியில் வருவது இதே தொட்டிக் கணக்குதான். அதையே இன்று போட்டுப் பார்ப்போம்.

கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் நிலம் 14,707 ஏக்கர். பாசனத்துக்கு விநாடிக்கு 200 கனஅடி வீதம் 120 நாள் தண்ணீர் திறந்தால், வயலில் மொத்தம் எத்தனை அடிக்குத் தண்ணீர் கிடைக்கும்?

முதலில் விநாடியை நாளாக்குங்கள். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. அதை 200 ஆல் பெருக்கினால் 1.728 கோடி கனஅடி. 120 நாளுக்கு 207.36 கோடி கனஅடி.

அடுத்து ஏக்கரைச் சதுர அடியாக்குங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. 14,707 ஏக்கருக்குச் சுமார் 64 கோடி சதுர அடி. வகுத்தால் விடை ஏறக்குறைய மூன்றேகால் அடி.

இப்போது பின்னம். வழியில் கால் பங்கு கசிந்து வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி எவ்வளவு? ‘மூன்று அடி’ என்று பல பிள்ளைகள் சட்டென்று சொல்வார்கள். அது தப்பு. கால் பங்கு வேறு, கால் அடி வேறு. பின்னத்தைக் கண்டதும் ‘எதில் கால்?’ என்று கேட்கப் பழக்குங்கள். இங்கே மூன்றேகாலில் கால். மீதி முக்கால் பங்கு: 13/4 × 3/4 = 39/16. அதாவது இரண்டரை அடிக்கும் கொஞ்சம் குறைவு.

நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 4 அடி தண்ணீர் வேண்டும். மீதி ஒன்றரை அடியை மழைதான் தர வேண்டும். வாய்க்காலைத் தூர்வாரி, கசிவைக் காலிலிருந்து அரைக்காலாகக் குறைத்தால்? 13/4 × 1/8 = 13/32 அடி. ஒவ்வொரு வயலுக்கும் ஏறக்குறைய 5 அங்குலம் கூடுதல்!

கடைசியாக ஒன்று. 200-க்குப் பதில் 150 கனஅடிதான் திறக்க முடிந்தால், அதே அளவு தண்ணீர் வந்துசேர எத்தனை நாள் ஆகும்? 200 × 120 ÷ 150 = 160 நாள். கணக்கு சரிதான். ஆனால் 120 நாள் பயிர் அதுவரை காத்திருக்காது. விடை வந்ததும் அது வயலுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் கணக்கில் ஒரு படிதான். அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.